ஆல்டரேஷனா, அளவுத் தையலா, மேடை உடையா: வீட்டுத் தையல் மேசைக்கு எந்த வேலை?

வீட்டிலிருந்து தைப்பவர்களுக்கு வரும் வேலையை மூன்றாகப் பிரிக்கலாம்: பழைய உடையைப் பிரித்துச் சரிசெய்யும் ஆல்டரேஷன், அளவெடுத்துப் புதிதாகத் தைப்பது, நடனம் நாடகம் போன்றவற்றுக்கான மேடை உடை. மூன்றையும் எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். மூன்றிலும் மூச்சு முட்டுபவர்களும் அவர்கள்தான்.

எதற்குக் கூலி அதிகம், எது கைக்கு எளிது என்று பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். அதைவிட, ஒரு வேலை உங்கள் மேசையில் எத்தனை நாள் பாதியில் கிடக்கும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். வீட்டில் இடம் குறைவு; நேரமும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஆல்டரேஷன் ஒருமுறை ஊசி குத்தி அளந்தால் முடியும்வரை உங்கள் கையில் இருக்கும். அளவுத் தையல், உடையைப் போட்டுப் பார்க்க ஆள் திரும்பி வரும்வரை நிற்கும். மேடை உடையோ மொத்தமாக வந்து, மொத்தமாக ஒரே தேதியில் போயாக வேண்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் தேர்வு தெளிவாகும்.

ஆல்டரேஷன்

ஆரம்பத்துக்கு இதுதான் சரி என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. துணி வாங்க முதலீடு இல்லை, ஒவ்வொரு உருப்படியும் அரை மணி முதல் இரண்டு மணிக்குள் முடியும், நேராகத் தைக்கும் ஒரு மெஷினும் நல்ல அயர்ன் பெட்டியும் போதும். ஆனால் சின்ன வேலை என்று பெயர் எடுத்திருப்பதால் கூலியைக் குறைத்துச் சொல்லிவிடுகிறோம். பிரிப்பது, நூல் துணுக்குகளைப் பொறுக்குவது, பழைய மடிப்பை அயர்ன் செய்து எடுப்பது, அதே நிற நூலுக்கு மாற்றுவது, திரும்ப அயர்ன் செய்வது என்று இவ்வளவும் சேர்ந்ததுதான் ஆல்டரேஷன். மெஷின் ஓடும் நேரம் இதில் மிகக் குறைவு. அதனால் கூலியை உருப்படிக்கு வைப்பதைவிடக் கால் மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வைத்துக் கணக்கிடுவது ஏமாற்றாது. வாடிக்கையாளருக்கு ஊசி குத்தி அளக்கும் பத்து நிமிடமும் அதில் சேர வேண்டும்.

எந்த ஆல்டரேஷனை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் இங்கே கூலியைத் தீர்மானிக்கிறது. கால் நீளம் குறைப்பது, பக்கத் தையல் பிடிப்பது, ஜிப் மாற்றுவது ஆகியவை லாபம். ஜீன்ஸில் பழைய அடிமடிப்பு அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்டால், குறைக்க வேண்டிய அளவில் பாதியை மட்டும் மடியுங்கள். 2 அங்குலம் குறைக்க வேண்டுமானால், பழைய அடிமடிப்பின் மேல்தையலிலிருந்து புதிய மடிப்பின் ஓரம்வரை 1 அங்குலம் இருக்கும்படி மேல்நோக்கி மடித்து, பழைய மடிப்பை ஒட்டியே ஒரு தையல். மடிந்த இரண்டு பக்கமும் உள்ளே போவதால் மொத்தம் 2 அங்குலம் குறையும். ஊசி 16-ஆம் எண். பக்கத் தையல்கள் சேரும் தடித்த இடத்தில் தையல் தாவும், ஊசி வளையும். அங்கே வருமுன், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் பின்பக்கத்துக்கு அடியில் மடித்த துணித்துண்டு ஒன்றை வைத்து ஃபுட் மட்டமாக நிற்கும்படி செய்தால் தாவாது. தைப்பதற்கு முன் அந்த மொத்தையைச் சுத்தியால் லேசாகத் தட்டி மெலிதாக்குவதும் உதவும்.

பேன்ட் இடுப்பைப் பிடிப்பதற்கு எல்லை உண்டு. பின் நடுத்தையலில் மட்டும் பிடித்தால் மொத்தம் 2 அங்குலம்வரை போகலாம். அதற்கு மேல் போனால் இரண்டு பின்பைகளும் ஒன்றையொன்று நெருங்கி, பார்த்தவுடன் தெரியும். அப்போது பக்கத் தையலையும் இடுப்புப் பட்டியையும் பிரிக்க வேண்டும். அது வேறு வேலை, வேறு கூலி. இடுப்பைத் தளர்த்தி விடுவதாக இருந்தால் உள்ளே எவ்வளவு துணி இருக்கிறது என்று பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். துணி இருந்தாலும் பழைய தையல் கோடு வெளுக்காமல் கருத்துத் தெரியும் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

ஜிப் வேலையில் ஒரு ரகசியம்: பற்கள் நன்றாக இருந்து, இழுத்தபின் பின்னாலேயே பிரிந்துகொண்டு வந்தால், தேய்ந்தது பெரும்பாலும் ஓட்டிதான், அதாவது மேலும் கீழும் இழுக்கும் பகுதி. ஓட்டியை மட்டும் மாற்றினால் போதும். முழு ஜிப்பையும் பிரித்து மாற்றுவதை ஒப்பிட்டால் இது கால்வாசி நேரம்.

விட வேண்டியவை: சட்டை, கோட் ஆகியவற்றில் தோளைக் குறைப்பது. கையை முழுவதும் கழற்றி, கைக்குழியைத் திரும்ப வெட்டி, கையைத் திரும்ப ஏற்ற வேண்டும். புதுச் சட்டையே தைத்துவிடலாம் என்ற அளவுக்கு நேரம் போகும். தோல், நெருக்கமான பட்டு, சாட்டின் ஆகியவற்றில் பிரித்த ஊசித் துளை மறையாது. அதனால் இறுக்கிப் பிடிக்கலாம், தளர்த்தி விடக் கூடாது. நெகிழும் துணியின் ஓரம் மடிக்கும்போது அலை அலையாக நீண்டுவிடும். ஃபுட் அழுத்தத்தைக் குறைத்து, அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துக் கிழித்தெடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு இரட்டை ஊசியும் ஸிக்ஸாக் வசதியுள்ள மெஷினும் வேண்டும்.

இந்த வேலையில் உண்மையான ஆபத்து மற்றவர் உடையைக் கெடுத்துவிடுவதுதான். தையல் பிரிப்பான் துணியில் ஓடிவிடும், கருநிறக் கம்பளித் துணியில் அயர்ன் பளபளப்பு ஏறிவிடும், துவைக்காத புதுத்துணியைக் குறைத்தபின் முதல் துவையலில் அது இன்னும் சுருங்கிவிடும். பின் இரண்டுக்கும் தடுப்பு ஒன்றுதான். துவைத்த உடையை மட்டும் வாங்குவது, உள்பக்க ஓரத்தில் அயர்னைச் சோதிப்பது, மேலே ஒரு பருத்தித் துணி போடாமல் அயர்ன் வைக்காமலிருப்பது என்று கண்டிப்பாக இருப்பது. கால் நீளம் அளக்கும்போது அந்த உடையோடு போடும் செருப்பு காலில் இருக்கட்டும். அரை அங்குலத் தகராறு பாதி அங்கேயே ஒழியும்.

அளவுத் தையல்

தையல் கற்றவர்களின் ஆசை இதில்தான் இருக்கிறது. வீட்டுச் சூழலுக்கு மூன்றிலும் மோசமான தேர்வும் பெரும்பாலும் இதுவே. தைப்பது சிரமமில்லை, ஆள் வரும் நாளும் நீங்கள் தைக்கும் நாளும் பொருந்துவதுதான் சிரமம். புதிய உடலுக்குத் தைக்கும் உடை குறைந்தது மூன்று சந்திப்பு கேட்கும்: அளவெடுக்க, கோராத் துணியில் வெட்டிய மாதிரியைப் போட்டுப் பார்க்க, கச்சாத் தையலோடு உண்மைத் துணியைப் போட்டுப் பார்க்க. ஒரு சந்திப்பு தள்ளிப்போனால் வெட்டிய துணி ஒரு வாரம் நாற்காலியில் தொங்கும். அப்படி ஐந்து சேர்ந்தால் அந்த அறையில் வேறு வேலைக்கு இடமில்லை.

துணிக் கணக்கிலும் கண்ணுக்குத் தெரியாத நேரம் உண்டு. முழுவட்டப் பாவாடையை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு 28 அங்குலம் என்றால் 6.28-ஆல் வகுத்து உள்வட்ட ஆரம் சுமார் 4½ அங்குலம். நீளம் 24 அங்குலம் சேர்த்தால் வெளிவட்ட ஆரம் 28½. அடிஓரத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட 179 அங்குலம், அதாவது நாலரை மீட்டர் மடித்துத் தைக்க வேண்டும். அதற்கு முன் பாவாடையை ஓர் இரவாவது தொங்கவிட வேண்டும். கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, விழும் பகுதிகள் தம் எடையால் இறங்கும், நேர் இழையில் உள்ளவை இறங்காது. தொங்கவிடாமல் மடித்தால் ஒரு வாரத்தில் ஓரம் ஏறியும் இறங்கியும் நிற்கும். “வெறும் பாவாடைதானே” என்று கேட்டு வருபவருக்கு இது தெரியாது. கூலி சொல்லும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெல்வெட், ஒருதிசைப் பூப்போட்ட துணி, கட்டம் ஆகியவற்றுக்கு எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்ட வேண்டியிருப்பதாலும் கட்டங்களை இணைக்க வேண்டியிருப்பதாலும் கூடுதல் துணி போகும். துணியை அவரே வாங்கி வந்துவிட்டு “போதும்தானே?” என்று கேட்கும் நிலையைத் தவிர்க்க, வாங்குவதற்கு முன் அகலத்தையும் நீளத்தையும் எழுதிக் கொடுங்கள்.

இதை முற்றிலும் விட வேண்டியதில்லை. ஒருவருக்கு ஒருமுறை சரியாகப் பொருந்திய உடையின் பேப்பர் கட்டிங்கைத் தடித்த காகிதத்தில் எடுத்து, பெயரும் தேதியும் எழுதி வைத்துவிட்டால், அவருக்கு அடுத்த உடை ஒரே சந்திப்பில் முடியும். ஆக, அளவுத் தையலை ஏற்கெனவே கட்டிங் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, புதியவர்களை மாதத்துக்கு ஒருவர் இருவர் என்று சேர்ப்பதே வீட்டுக்குத் தாங்கும்.

மேடை உடை

இங்கே தையலின் விதிகளே மாறுகின்றன. பத்தடிக்கு அப்பால் இருந்து பார்க்கப்படும், வியர்வையில் நனையும், இருட்டில் ஒரு நிமிடத்தில் மாற்றப்படும், அடுத்த முறை வேறு உடம்பு ஏறும். உள்ஓரத்தைக் கையால் தைத்து அழகுபடுத்துவதில் இங்கே பயனில்லை. தையல் பிரியாமலிருப்பதும் எளிதாகப் பிரிக்க முடிவதும் ஒருசேர வேண்டும்.

உள்ளே விடும் துணியில் கஞ்சத்தனம் கூடாது. பக்கத் தையலில் முன்பாகத்துக்கும் பின்பாகத்துக்கும் தலா 1 அங்குலம் விடுங்கள். பின்னாளில் கால் அங்குலத்தை மிச்சம் வைத்து மீதியை விட்டால், ஒவ்வோர் ஓரத்திலும் முக்கால், நான்கு ஓரம் சேர்த்து மார்புச் சுற்றில் 3 அங்குலம் கிடைக்கும். குழந்தைகளின் உடைக்கு இது ஓரிரு வருட ஆயுளைக் கூட்டும். ஆனால் கையின் அடித்தையலிலும் அதே 1 அங்குலம் விடாவிட்டால் உடம்பு பெரிதாகிக் கைக்குழியில் கை பொருந்தாது. லைனிங்கையும் தனியாக முடித்துவிடாமல் மேல்துணியோடு சேர்த்தே பக்கத் தையலில் பிடித்தால் ஒரே பிரிப்பில் இரண்டும் விடும். பாவாடை நீளத்துக்கு உள்பக்கம் அரை அங்குல ஆழத்தில் ஒரு மடிப்புத் தையல் போட்டு வைத்தால், பிரிக்கும்போது 1 அங்குலம் இறங்கும்.

கை தூக்க வசதியாக இருக்கட்டும் என்று கைக்குழியை இறக்கி வெட்டுவது எல்லோரும் செய்யும் தவறு. இறங்கிய கைக்குழியில் கை தூக்கினால் உடம்புப் பகுதியே மேலே ஏறும், இடுப்பிலிருந்து உடை விலகும். கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால்தான் கை தனியாக அசையும். அதற்கும் மேல் வேண்டுமானால் அக்குளில் வைர வடிவத் துண்டு ஒன்று வைத்துத் தையுங்கள்.

பூட்டும் முறைதான் மேடையில் பெரும்பாலும் காலை வாரும். கொக்கி-வளையம் மெதுவானது, ஆனால் நம்பகமானது. வளையங்களை 1 அங்குல இடைவெளியில் இரண்டு வரிசையாக வைத்தால் ஒரே உடை இரண்டு அளவுக்கு ஆகும். மறைவு ஜிப் பார்க்க அழகு. ஆடும்போது இடுப்புத் தையல் குறுக்கிடும் இடத்தில் பிளந்துவிடும். சாதாரண 5-ஆம் எண் நைலான் ஜிப் வைத்து, அதன் உச்சியில் இழுவையைத் தாங்க ஒரு பெரிய கொக்கி வையுங்கள். பிரஸ் பட்டன் ஆழ்ந்து மூச்சிழுத்தாலே திறந்துகொள்ளும், மார்புக்கு வேண்டாம். காலர், கைப்பட்டிக்குப் போதும். வெல்க்ரோ வேகமானது. ஆனால் அமைதியான காட்சியில் கிழிக்கும் சத்தம் கேட்கும், முள்பக்கம் நெட் துணியைப் பிடித்துக் கிழிக்கும், துவைக்கத் துவைக்கப் பஞ்சு சேர்ந்து பிடிப்பு குறையும். வேகமாக மாற்ற வேண்டிய உடையில் மட்டும், மென்பக்கம் உடம்பைப் பார்க்கும்படி வைத்து, அதோடு ஒரு கொக்கியையும் சேர்த்தால் தப்பிக்கலாம். குறுக்குநாடாக் கட்டு 2, 3 அங்குல வித்தியாசத்தை விழுங்கும். தனியாக உடுத்த முடியாது.

துணியில் சீக்வின் வேலை கூலி சொல்லும்போது மறந்துபோகும் ஒன்று. தையல் கோட்டில் வரும் ஒவ்வொரு சீக்வினையும் எடுக்காவிட்டால் ஊசி உடையும், தெறிக்கும். கண்ணாடி அணிந்து தையுங்கள், நல்ல கத்தரிக்கோலை அதில் போடாதீர்கள். எடுத்த இடத்தில் நூல் முடிச்சு விடாவிட்டால் அடுத்தடுத்த சீக்வினும் உதிர்ந்துகொண்டே போகும். மினுமினுப்பு ஒட்டிய துணியில் அயர்ன் சூடு பட்டால் பசை உருகி அயர்ன் பெட்டியில் ஒட்டும். தூய வெள்ளை மேடை விளக்கில் கண்ணைக் கூசும். தேநீர்ச் சாற்றில் நனைத்து எடுத்த மங்கல் வெள்ளைதான் விளக்கில் வெள்ளையாகத் தெரியும், ஆனால் அது பருத்திக்கு ஏறும், பாலியெஸ்டருக்கு ஏறாது.

நெகிழும் துணியில் உடலோடு ஒட்டும் நடன உடை தைப்பதானால், அதிகம் நெகிழும் திசை உடலைச் சுற்றி வர வேண்டும். இங்கே விட்டுப்போகக் கூடாத அளவு ஒன்று உண்டு: தோளின் நடுவிலிருந்து முன்பக்கமாக இறங்கி, கால்களுக்கிடையே போய், பின்பக்கமாக அதே தோளுக்கு வரும் முழுச்சுற்று. மார்பும் இடுப்பும் சரியாக இருந்து இது மட்டும் 2 அங்குலம் குறைந்தால், உடை தோளில் வெட்டும், கீழே இழுக்கும், திருத்தவும் வழியில்லை. ஊசி நெகிழ்துணிக்கான முனை மழுங்கிய வகை; சாதாரண ஊசி இழையை அறுத்துத் துளை விடும், தையலும் தாவும். நேர்த்தையல் போட்டால் முதல் தாவலிலேயே நூல் அறும்.

குழு உடைகளில் அளவை வேறொருவர் எடுத்து அனுப்புவார். அந்தப் பட்டியலை அப்படியே நம்பி வெட்டக் கூடாது. ஒரு குழந்தைக்கு மார்பு 25, பக்கத்துக் குழந்தைக்கு 62 என்றிருந்தால் ஒன்று அங்குலம், மற்றது சென்டிமீட்டர். தடித்த உடைக்கு மேல் எடுத்த அளவு 1, 2 அங்குலம் கூட இருக்கும். ஒரே வயதில் ஒருவருக்கு மட்டும் முதுகு நீளம் 3 அங்குலம் குறைந்தால் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். வளரும் குழந்தைகளுக்கு நிகழ்ச்சிக்கு ஆறு வாரத்துக்கு முன் எடுத்த அளவே போதும். மூன்று மாதத்துக்கு முன் எடுத்தது பயனில்லை.

பன்னிரண்டு பேர் என்றால் பன்னிரண்டு கட்டிங் போடாதீர்கள். மூன்று அல்லது நான்கு அளவுகளாகத் தொகுத்து வெட்டி, வித்தியாசத்தை உள்ளே விட்ட துணியிலும் எலாஸ்டிக்கிலும் சரிசெய்யுங்கள். துணி முழுவதையும் ஒரே நாளில், ஒரே உருளையிலிருந்து, பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்க வேண்டும். இரண்டாவது முறை வாங்கும் அதே நிறம் அதே நிறமாக இருக்காது; விளக்கில் நிறபேதம் இன்னும் துலங்கும். முதலில் ஒரு உடையை முழுவதுமாக முடித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீதி உடைகளுக்கு ஒரே நூல், ஒரே மெஷின் அமைப்பு என்பதால் ஒன்றுக்கு ஆகும் நேரம் குறையும். ஆனால் கூலியை முதல் உடையின் நேரத்தை வைத்தே சொல்லுங்கள். மிச்சமாகும் நேரம் கடைசி வாரத் திருத்தங்களுக்குப் போய்விடும். துணிச் செலவு முழுவதையும் முன்பணமாக வாங்காமல் வெட்ட ஆரம்பிக்காதீர்கள், ஏனென்றால் நிகழ்ச்சி தள்ளிப்போனால் அந்த உடை வேறு யாருக்கும் உதவாது.

மேடை உடையைத் தைத்து வைத்து வாடகைக்கு விடுவது நான்காவது வழி. இடமும் உலர்த்தும் வசதியும் உள்ளவர்களுக்கு ஆகும். நெட் பாவாடை ஒரு டஜன் ஓர் அலமாரியையே விழுங்கும் என்பதை மட்டும் சொல்லிவைக்கலாம்.

எப்படிச் சேர்ப்பது

வீட்டில் தைப்பவருக்கு நாங்கள் சொல்லும் கலவை இது. வருடம் முழுவதும் ஆல்டரேஷன், அதுவும் தோள் வேலை இல்லாமல். வருடத்துக்கு இரண்டு தடவை மேடை உடைக் குழு, அந்த வாரங்களில் ஆல்டரேஷன் வாங்குவதை நிறுத்திவிட்டு. அளவுத் தையல், கட்டிங் இருப்பவர்களுக்கு. துணியைத் தொங்கவிடத் தனி அறை இருந்து, ஆட்கள் நினைத்த நேரத்தில் வந்துபோக வீட்டில் தடையும் இல்லையென்றால் இந்த வரிசையை மாற்றி, அளவுத் தையலை மேலே வைக்கலாம். அப்படி அமைபவர்கள் குறைவு.

மெஷின் வாங்குவதும் இந்த முடிவைத் தொடர்ந்துதான் வர வேண்டும். பலர் முதலில் மெஷினை வாங்கிவிட்டு வேலையைத் தேடுகிறார்கள். ஆல்டரேஷன் என்றால் நேர்த்தையல் மெஷினே போதும். பழைய கால்மிதி மெஷின் தடித்த துணியை ஊசிக்கு ஊசி நிதானமாகக் கடக்கும். தொழிற்சாலை மெஷின் நிமிடத்துக்கு 4000 தையலுக்கு மேல் ஓடும், வீட்டு மெஷின் ஆயிரத்தைத் தாண்டுவது அரிது. ஆனால் ஜிப் மாற்றுவதில் அந்த வேகத்துக்கு வேலை இல்லை. மேடை உடைக்குழு எடுப்பதானால் வேகம் உதவும். அப்போது, தைக்காதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும் கிளட்ச் மோட்டாரைத் தவிர்த்து சர்வோ மோட்டார் வைத்ததாகப் பாருங்கள். காலை எடுத்தவுடன் நிற்கும், சும்மா இருக்கும்போது இரையாது, பக்கத்து அறையில் ஆள் தூங்கலாம். அதோடு ஸிக்ஸாக்கும் காஜாவும் போடும் வீட்டு மெஷின் ஒன்று தனியாக வேண்டும், தொழிற்சாலை நேர்த்தையல் மெஷின் அதைச் செய்யாது.

அடுத்தது ஓவர்லாக், துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே நூல் சுற்றித் தைக்கும் மெஷின். மூன்று நூல் வகை ஓரம் பிரியாமலிருக்கப் போதும். நடன உடையும் வரும் என்றால் நான்கு நூல் வகையை வாங்குங்கள், அதன் நான்காவது நூல் தையலுக்குக் கூடுதல் பலம் தரும். துணியை நகர்த்தும் முன்பல்லும் பின்பல்லும் வெவ்வேறு வேகத்தில் ஓடும்படி திருகி வைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று கேட்டு, நெகிழும் துணித்துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். ஓரம் அலையாமல் படுத்திருந்தால் வாங்கலாம்.